கடலுக்குள் சிலந்தி பார்த்தவள்

என் தங்கையின் இடது கையை அவள் புருஷன் உலக்கையால் அடித்து ஒடித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கூட்டம் சிரித்தது. ஒருவர்கூட நம்பவில்லை. அவர்கள் நம்பாமல் போனதற்குக் காரணம் கையளவுகூட இல்லாத ஒரு சிலந்தி. அதனால் அந்தச் சிலந்தியைப் பற்றித்தான் முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா வீடு கல்லலுக்குக் கிழக்கே. கண்மாய்ப் பாசனம், சொந்த நிலம், சொந்த மாடு, வருஷத்துக்கு ஒரு போகம். தங்கையை இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். அவர்களுக்கும் நிலம் நீச்சு உண்டு. என்னைக் கட்டியவர் மட்டும் உழவை விட்டுவிட்டு ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்மேன் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு மண்டபத்துப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை கொடுத்தார்கள். கல்லலுக்கு அப்போது ரயில் கிடையாது. மானாமதுரை வரை மாட்டு வண்டி, அதற்குப் பிறகுதான் ரயில். அம்மா அழுதுகொண்டே என்னை வண்டியில் ஏற்றினாள், ஏதோ ரங்கூனுக்குக் கப்பல் ஏற்றுகிறவள்போல.

கடலைப் பார்த்த முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்மாய் என்றால் அதற்கு ஒரு கரை, ஒரு மடை, அந்தப்பக்கம் ஒரு ஊர் இருக்கும். இதற்கு ஒன்றும் கிடையாது. எங்களுக்குக் கொடுத்த வீடு ஒற்றை அறை. பின்வாசலில் இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர். அவர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் இல்லை. பிள்ளையும் அப்போது இல்லை. இருந்து இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுந்து கரையோடு நடக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கரையில் கடல் உள்வாங்குவதை வத்தம் என்பார்கள். திரும்ப ஏறி வருவது ஏத்தம். வத்தத்தில் தண்ணீர் விலகிப் போகும்போது, அடியில் கிடக்கும் பாறை வெளியே வரும். பார்க்கிறதற்குச் சுண்ணாம்பைக் குழைத்துக் கொட்டிக் காயவிட்டதுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதற்குப் பார் என்று பெயர். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ரொம்ப தூரம் போகும். அப்போது பார் முழுசும் தெரியும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் நடப்பேன். கால் கிழியும். இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

அப்படி ஒரு நாள் பாரில் ஒட்டிக்கிடந்த காலிச் சிப்பி ஒன்றைப் பெயர்த்தேன். அதன் வாயை வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. மெல்லிய பட்டுத் துணியை வைத்து ஓரம் தைத்ததுபோல இருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. முன்பாதி துருப்பிடித்த இரும்பு நிறம், பின்பாதி சாம்பல் நிறம், மயிர் மயிராக இருந்தது. வாய்க்கொடுக்கு இரண்டும் உடம்புக்கு மிஞ்சி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. பாவம், நம்மைப்போல வழி தவறி வந்து மாட்டிக்கொண்டதாக்கும் என்று அதைக் கொண்டுவந்து காய்ந்த மணலில் விட்டேன். அது ஊர்ப்பக்கம் போகவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்து ஓடியது.

பிறகு எனக்கு அதே வேலையாகப் போயிற்று. இன்னொரு சிலந்தியைக் கண்டுபிடித்து, அது இருந்த பொந்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தலைக் கட்டிவைத்தேன். ஏத்தம் வந்து பாறை முழுகிப்போனது. மறுநாள் கடல் வற்றியதும் போய்ப் பார்த்தால் கந்தல் நனைந்து கிடக்கிறது, பொந்தின் வாயில் பட்டு மூடியிருக்கிறது, உள்ளே சிலந்தி காய்ந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது. மேலே அவ்வளவு தண்ணீர் நின்றிருக்கிறது, அதற்கு ஒரு கவலையும் இல்லை. இருட்டப்போகிற நேரத்தில் வத்தம் இருந்தால் வெளியே வரும். பாறைமேல் துள்ளுகிற கடல்பூச்சியை ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும். சில நாள் பாறைக்குழித் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நடக்கும். அப்போது உடம்பைச் சுற்றிக் காற்று ஒட்டிக்கொண்டு வெள்ளி பூசினதுபோல மின்னும். முட்டையையும் அந்தப் பட்டுக்குள்ளேயே வைத்துக் காக்கும். இதெல்லாம் நான் ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தங்கை வீட்டில் இதைச் சொன்னேன். தங்கை புருஷன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நல்ல நிறம், நல்ல பேச்சு. நாலு பேர் கூடின இடத்தில் சிரிக்கவைக்கத் தெரிந்தவன். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எங்கள் அப்பா பெண்ணைக் கொடுத்தார்.

“கடலுக்குள்ள சிலந்தியா? மதினி, அது வலை போட்டு மீனு பிடிக்குமோ? கெண்டையா, கெளுத்தியா?” என்றான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் என்னைச் சிலந்தி மதினி என்றுதான் கூப்பிட்டான். ஊரிலும் அப்படியே ஆகிவிட்டது. கேலிதானே என்று விட்டுவிட்டேன். என்னை வெட்டுவதற்கு நானே அரிவாளைத் தீட்டிக் கையில் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்கு அடுத்த வருஷம் அறுப்பு நேரத்தில் ஒத்தாசைக்கு என்று தங்கை வீட்டில் போய் இருந்தேன். அன்றைக்கு வயலுக்குக் கஞ்சி கொஞ்சம் தாமதமாகப் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. அவன் வயலிலிருந்து வந்தான். தங்கை கொல்லையில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் ஜன்னலோரம் இருந்தேன், நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் சத்தம் போடவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. அவள் கையிலிருந்த உலக்கையைப் பிடுங்கினான். அவள் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினாள். அந்தக் கையில் அடித்தான். விறகு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. உலக்கையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான்.

“மதினி, பரண் ஏணியில இருந்து ஒங்க தங்கச்சி விழுந்துட்டா. போய்த் தூக்குங்க” என்றான்.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, கை அசையக் கூடாது என்று சொல்லிப்போனார். நான் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அப்பா வந்து ஊர் அம்பலத்திடம் முறையிட்டார். அம்பலம் என்றால் ஊருக்குத் தலைவர். அங்கே அவர் சொல்தான் தீர்ப்பு. பொட்டலில் கூட்டம் போட்டார்கள். பெண்பிள்ளைகளைக் கூட்டத்தில் பேசவிடுவது வழக்கமில்லை. பார்த்த ஆள் நான் ஒருத்திதான் என்பதால் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கூட்டம் அமைதியாகத்தான் கேட்டது. அம்பலம்கூடத் தலையை ஆட்டினார். அப்போது அவன் எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, என்னைப் பார்த்துக் கேட்டான்.

“மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடலுக்குள்ள சிலந்தி குடித்தனம் பண்ணுதுன்னு சொன்னீகளே, அதையும் கண்ணாலதான பாத்தீக?”

“ஆமா, பாத்தேன்.”

“அலை வந்து மூடுனா அது என்ன செய்யும்?”

பொய் சொல்ல மனசு வரவில்லை. “வாசலை அடைச்சுக்கிட்டு உள்ளயே இருக்கும்” என்றேன்.

“நாதாங்கி போட்டுக்கிருமா?”

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டம் முழுசும் சிரித்தது. அம்பலத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். “சரித்தா, நீ போய் உக்காரு” என்றார். அதோடு வழக்கு முடிந்தது. ஏணியிலிருந்து விழுந்த பெண் புருஷன் வீட்டிலேயே இருக்க வேண்டியது, அக்காக்காரி கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினார். என் தங்கை தப்பை கட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ரயிலில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சிரிப்பை ஒவ்வொரு குரலாகப் பிரித்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். யார் முதலில் சிரித்தது, யார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தது, அம்பலம் எப்படிச் சிரித்தார், எல்லாம்.

தங்கையின் கைக்கட்டைச் சீக்கிரமே அவிழ்த்துவிட்டு அவளை உலக்கை பிடிக்கவைத்திருக்கிறார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் குடத்தை இடுப்பில் அணைக்க முடியாது, நாற்றுமுடியைப் பிடிக்க முடியாது. வேலைக்கு ஆகாதவள் என்று சொல்லி அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஒடித்தவனும் அவன்தான், ஒடிந்ததைக் காரணம் காட்டினவனும் அவன்தான். அதையும் ஊர் சரி என்றது. என் தங்கை ஒரு மூட்டைத் துணியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். அப்பா இறந்துபோன பிறகு என்னிடம் வந்துவிட்டாள்.

அவளை ஒரு நாள் பாருக்குக் கூட்டிப்போய்ச் சிலந்தியைக் காட்டலாம் என்று கூப்பிட்டேன்.

“அந்தச் சனியன எங் கண்ணுல காட்டாதக்கா” என்றாள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இப்போது சிலந்தி பார்க்க மட்டும் போகவில்லை. பாரில் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தெரியும். கரையிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் தட்டையாக ஒரு பெரிய பாறை இருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம். வத்தத்தில் அந்தப் பள்ளத்தில் கால் நனையாது. ஏத்தம் வரும்போது தண்ணீர் முதலில் பள்ளத்தில்தான் நிறையும். பாறையில் நிற்கிறவனுக்குத் தன்னைச் சுற்றிக் கடல் வந்துவிட்டது பிந்தித்தான் தெரியும். நானே ஒரு முறை அப்படி மாட்டிக்கொண்டு கதறியிருக்கிறேன். பிறகு இறங்கி நடந்து பார்த்தால் பள்ளத்தில் இடுப்புத் தண்ணீர்தான். அமாவாசை ஏத்தம் உச்சிக்கு வந்தாலும் பாறைமேல் முழங்காலைத் தாண்டாது. ஆளைக் கொல்லாது. இதை நான் பல தடவை நின்று பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன். எதற்கு நிச்சயம் செய்தேன் என்று கேட்டால், அவன் என்றைக்காவது வருவான் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஜனம் எல்லாம் அமாவாசைக்குச் சேதுக் கடலாட இந்தக் கரைக்கு வந்துதானே தீர வேண்டும்.

கல்லலுக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். ஒரு தை அமாவாசைக்கு அந்த அம்பலம் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வந்தார். கூடவே ஊர்க்காரர்கள் சிலர். அவர்களோடு என் தங்கை புருஷனும் இரண்டாம் பெண்டாட்டியும் வந்தார்கள். அவளுக்கும் பிள்ளை இல்லை. கடலாடினால் தோஷம் போகும் என்று ஜோசியர் சொன்னாராம். ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டு, முறைக்காக வீட்டில் வந்து பலகாரம் சாப்பிட்டுப் போகும்படி சொல்லிவைத்தார். அவர் நல்ல மனுஷர். என் மனசில் இருந்தது அவருக்குத் தெரியாது.

விடிகாலையில் அவர்கள் கடலாடுவதை நான் தள்ளி நின்று பார்த்தேன். எல்லாரும் முங்கி எழுந்தார்கள். அவன் மட்டும் கரையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். சின்ன வயதில் கண்மாய் மடையில் சிக்கிப் பிழைத்தவன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டான் என்று தங்கை எப்போதோ சொன்னது அப்போது எனக்குப் புரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பலகாரம் சாப்பிட வந்தார்கள். தங்கை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அம்பலத்துக்கு வயதாகியிருந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, “என்னத்தா, ஒஞ் சிலந்தி சவுக்கியமா இருக்கா?” என்றார்.

பழைய சிரிப்பு. அவனும் சிரித்தான்.

“சவுக்கியமா இருக்குங்கய்யா. கடல் வத்திக் கெடக்கு, கை கழுவிட்டு வாங்க, காட்டுறேன்” என்றேன்.

அம்பலம் விளையாட்டாகத்தான் எழுந்தார். எழுந்துவிட்டதால் மற்றவர்களும் எழுந்தார்கள். அவனுக்கு இஷ்டமில்லை. நாலு பேர் போகும்போது தான் மட்டும் நின்றால் நன்றாக இருக்காது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

கரைப்பக்கத்துப் பாரிலேயே ஒரு கல்லைப் புரட்டினேன். பட்டு மூடின பொந்து. அம்பலத்தின் கண்ணுக்கு நேரே கீறிக் காட்டினேன். சிலந்தி கொடுக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதை ஒரு குச்சியில் ஏற்றிப் பாறைக்குழித் தண்ணீரில் விட்டேன். வெள்ளி பூசிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்துபோய் ஒரு இடுக்கில் நுழைந்தது. அம்பலம் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நெசந்தானப்பா” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் பேச வேண்டியது அவர் மனசுக்குள் ஓடுகிறது என்று தெரிந்தது. சிலந்தி நிஜம் என்றால் உலக்கையும் நிஜம்.

அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. “அய்யா, இது நண்டுக்குஞ்சு. இல்லாட்டி மதினி வீட்டுச் செவுத்துல பிடிச்சாந்து இங்க வச்சிருப்பாக. நாம வர்றது தெரியும்ல? நானாத் தேடி எடுத்தாத்தான் நம்புவேன்” என்றான். பெரிய பாறையைக் கை காட்டினான். “அங்குட்டுக் கெடக்கே, அதுல இருக்கா?”

நான் அவனை அங்கே அனுப்புவதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“அதுலதான் நெறைய இருக்கு, மாப்பிள்ளே. நல்லாத் தேடிப் பாத்து எடுத்துக்கிட்டு வாங்க” என்றேன்.

அவன் பள்ளத்தைத் தாண்டிப் போனான். வெயில் ஏறியதால் நான் அம்பலத்தையும் மற்றவர்களையும் கரைக்குக் கூட்டிவந்து ஒரு தாழைப் புதர் நிழலில் உட்காரவைத்தேன். அவன் பாறையின் அந்தப்பக்கம் குனிந்து கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். பொந்து தெரியாதவனுக்கு இலேசில் கிடைக்காது. எனக்கு மட்டும் பள்ளத்தில்தான் கண். முதலில் நடுவில் ஒரு கீற்று மின்னியது. பிறகு அது அகலமாகியது. பிறகு மணல் மறைந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் எழுந்து வந்து, “ஆள் நிக்கிறாரே, ஏத்தம் வந்துருச்சே” என்றார். “வரட்டும்ண்ணே, இடுப்புத் தண்ணிதான, ஒங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் சும்மா இருங்க” என்றேன் மெதுவாக. அவர் என் முகத்தைப் பார்த்தார். போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீர் பாறையைச் சுற்றி வளைத்திருந்தது. இங்குட்டு ஓடினான், அங்குட்டு ஓடினான். பிறகு கத்தினான். அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு வேண்டும்போது எடுத்துக் கேட்டுக்கொள்வேன்.

“மதினி! மதினி! தண்ணி வருது! யாரையாச்சும் வரச் சொல்லுங்க!”

தர்ப்பணத்துக்கு வந்த ஜனமெல்லாம் கூடிவிட்டது. அம்பலம் பதறி எழுந்தார். நான் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன்.

“மாப்பிள்ளே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந் தங்கச்சி கை எப்பிடி ஒடிஞ்சுச்சு?”

“இப்பக் கேக்குற கேள்வியா இது? ஆளை அனுப்புங்க!”

“எப்பிடி ஒடிஞ்சுச்சு?”

“ஏணியில இருந்து விழுந்தா!”

ஒரு அலை பாறைமேல் ஏறி அவன் கணுக்காலை நனைத்தது. அவன் உட்கார்ந்துவிட்டான், இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு. நான் காத்திருந்தேன். எத்தனையோ வருஷம் காத்தவளுக்கு அது பெரிசா? அடுத்த அலை அவன் மடியில் ஏறியது.

“நாந்தான் அடிச்சேன்!” என்று கத்தினான்.

“எதால?”

“ஒலக்கையால! ஒலக்கையால அடிச்சேன்! மதினி, காப்பாத்துங்க!”

“இங்க காது கேக்கல, மாப்பிள்ளே. அலைச் சத்தமா இருக்கு.”

அவன் இன்னும் இரண்டு தடவை சொன்னான். கரையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். அம்பலம் என் தோளுக்குப் பின்னால் வந்து, “போதும்த்தா. கேட்டுட்டேன். ஆள எறக்கிவிடச் சொல்லு” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சிரித்த சிரிப்புக்கு அவரும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.

இதுவரைக்கும் நான் நினைத்தபடி நடந்தது. அதற்குப் பிறகு நடந்தது நான் நினைக்காதது. கத்தலைக் கேட்டு என் தங்கை அடுப்படியிலிருந்து வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் இறங்கினாள். நான் “ஏ, புள்ளே!” என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் நிற்கவில்லை. பள்ளத்தின் நடுவுக்குப் போனாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது, அதற்குமேல் வரவில்லை. அங்கே நின்று, அந்தக் கோணல் கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எந்திரிச்சு நடந்து வா. இடுப்புத் தண்ணிதான்.”

அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவன் கையை நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. திரும்பிக் கரைக்கு வந்து, ஈரச் சேலையோடு நேரே வீட்டுக்குள் போய்விட்டாள்.

கரையில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. பொட்டலில் என்னைப் பார்த்துச் சிரித்ததைப்போல இரண்டு பங்கு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவன் பாறையிலிருந்து வழுக்கி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டு, வாயில் உப்புத்தண்ணீர் போக, அழுதுகொண்டே கரைக்கு வந்தான். வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. இரண்டாம் பெண்டாட்டி கிட்டே போகவில்லை. என் பக்கம் வந்து, “அக்கா, நெசமா இடுப்புத் தண்ணிதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தன் தலைமயிரைப் பிழிந்து முடிந்துகொண்டாள். அவள் முழங்கைக்கு மேலே ஒரு பழைய தழும்பு தெரிந்தது. நான் கேட்கவில்லை.

ஊருக்குப் போனதும் அம்பலம் கூட்டம் போட்டாராம். தான் அன்றைக்குச் சொன்ன தீர்ப்பு தப்பு என்று அவர் வாயாலேயே சொன்னாராம். தங்கைக்கு நாங்கள் சீராகக் கொடுத்த பித்தளைப் பாத்திரம் எல்லாமும், அவள் வளர்த்த பசுவும் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பாத்திரங்களில் ஒன்று நசுங்கியிருந்தது. அதையும் நான் மறக்கவில்லை. அம்பலம் ஆள் மூலம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லியனுப்பினார். “சரி” என்று சொல்லியனுப்பினேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இரண்டாம் பெண்டாட்டி அந்த வருஷமே தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

அவனுக்கு ஊரில் இடுப்புத்தண்ணி என்று பெயர் வந்துவிட்டது. மாடு மேய்க்கிற பிள்ளைகள்கூட அவன் போகும்போது வரப்பில் நின்று, “இடுப்புத்தண்ணிதேன், நடந்து வா” என்று கத்துமாம். நாலு பேர் கூடின இடத்தில் அவன் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றைக்குப் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சும்மா என்றேன்.

பிறகு அவருக்குக் கல்லலுக்கே மாற்றல் கிடைத்து ஊர்ப்பக்கம் வந்துவிட்டோம். தங்கை பசுவை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். ஒரு பசு நாலாயிற்று. நன்றாகச் சதை போட்டாள், சிரித்தாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அவனைப் பற்றிப் பேச்சு எடுத்தால், “விடுக்கா, அதெல்லாம் என்னத்துக்கு இப்ப” என்பாள். பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது போய்விட்டது. ஒடிந்தது அவள் கை, வலித்தது அவளுக்கு. விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நான். ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளிடமே ஒரு நாள் கேட்டேன். “ஒனக்கு வேற வேல இல்ல” என்று சொல்லிவிட்டுக் கன்றை அவிழ்த்துவிடப் போய்விட்டாள்.

கடைசியாக நான் அவனைப் பார்த்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். கல்லல் சந்தைக்குப் போய்விட்டு எங்கள் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு கருவேல மரத்தடியில் ஒருத்தன் நின்றான். மெலிந்து, தாடி நரைத்து, ஒரு காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தான். வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். குரலைக் கேட்டுத்தான் யார் என்று தெரிந்தது.

“மதினி, கால் முடியல. ஒங்க ஊருக்குப் பிரியிற விலக்கு வரைக்கும் ஏறிக்கிறட்டுமா? அங்குட்டு நடந்து போயிக்கிருவேன்.”

ரோடு தகித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு வண்டி இல்லை. அவன் கும்பிட்டான். நான் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தேன். பிறகு வண்டிக்காரரிடம், “நீ ஓட்டுப்பா” என்றேன். அவர் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

வண்டியில் இடம் இருந்தது.